சாயாத வண்டி

"என்னங்க, வண்டிய நிறுத்துங்க. நா எறங்கி நடந்தே வாரேன்."

என் மனைவி பிரகதம் இதைச் சொன்னபோது, கார் மாத்தூருக்கு முந்தைய கண்மாய்க்கரை வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து நடந்து அப்போது நாலைந்து மாதம் ஆகியிருந்தது.

நிறுத்தினேன். நின்ற பிறகும் கார் ஒருமுறை இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் சாய்ந்து, அப்புறம்தான் அடங்கியது. கண்மாயில் தண்ணீர் இல்லை. வெடித்துக் கிடந்த வண்டலின் மேல் யாருடைய ஆடுகளோ கோரையைத் தேடித் திரிந்தன. காருக்குள் மருந்து வாடையும் பெட்ரோல் வாடையும் கலந்து அடித்தன.

முன்பக்கம் எனக்கு இடப்புறம் இருந்த சீட்டைக் கழற்றிவிட்டு, அங்கிருந்து பின்சீட்டு வரை நீளமாக ஒரு பலகை போட்டு, அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை விரித்து அவளைப் படுக்க வைத்திருந்தோம். தலை பின்னால், கால் முன்னால். மார்பிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டு. தலைமாட்டில் அவளுடைய ஆத்தா உட்கார்ந்து மகளின் இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்திருந்தார்.

பிரகதத்தின் பாதங்கள் என் இடது கைக்குப் பக்கத்தில் இருந்தன. வண்டி சாய்கிற ஒவ்வொரு முறையும் அவள் கால் முழுவதும் வெட்டி இழுக்கும். விரல்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும். மடங்கியவை விரிய வெகுநேரம் ஆகும்.

அந்தப் பாதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 

பிறகு அவளே சொன்னாள். "சரி, எடுங்க. சும்மா சொன்னேன். டாக்டர் போயிரப் போறாரு."

செட்டியார் வீட்டு வண்டி

கீரனூரில் என் கடலை மில்லுக்கு ஆயில் இன்ஜின் வந்த கதையோடு இந்தத் தொடரைப் போன வாரம் நிறுத்தியிருந்தேன். அடுத்து வியாபாரம் பெருகிய வருஷங்களை எழுதுவதாக இருந்தேன். எழுத உட்கார்ந்தால் கை இங்கேதான் வந்து நிற்கிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கார் உலகச் சண்டைக்கு முன்னால் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. திருமயம் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் ஓடிக்கொண்டிருந்ததை, எங்களுக்குக் கல்யாணமான மறுவருஷம் நான் வாங்கினேன். நாலு கதவு. உயரமான கூரை. உட்கார்ந்தால் அப்படியே உள்ளே வாங்கிக்கொள்கிற சீட்டு. கறுப்பு நிறம் அங்கங்கே வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது.

வளைவில் திரும்பினால் சக்கரம் ஒரு பக்கம் போகும், மேலே இருக்கிற கூடு இன்னொரு பக்கம் சாயும். புதிதில் மீமிசல் வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தோம். அறந்தாங்கி தாண்டினால் சாலை கண்மாய்க்குக் கண்மாய் வளைந்து வளைந்து போகும். கார் இடப்பக்கம் திரும்பினால் பிரகதம் என் தோளில் வந்து விழுவாள். வலப்பக்கம் திரும்பினால் கதவில் போய் இடித்துக்கொள்வாள்.

"இந்த ரோட்டப் போட்டவன் எவனோ, அவனுக்குப் புண்ணியமாப் போகட்டும்" என்றாள் சிரித்துக்கொண்டே. எந்த வளைவைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

மீமிசலில் கரைக்கு வந்த வள்ளத்திலிருந்து மீனை மணலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் கால் வைத்தாள். அலை திரும்பிப் போகும்போது காலுக்கு அடியில் மணல் கரைகிறது, கூசுகிறது என்று சொல்லிச் சொல்லி அங்கேயே நின்றாள். பொழுது சாய்ந்துவிடும் என்று நான்தான் கிளப்பிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கார் சாய்வது ஒரு குறை என்று அந்த நாட்களில் எங்கள் இருவருக்குமே தோன்றியதில்லை.

இருமல் இல்லாத காசம்

முதலில் வெறும் முதுகுவலி. தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று நினைத்தோம். எண்ணெய் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம். ஊரில் ஒருவர் வந்து நீவிவிட்டார். அவர் நீவிய பிறகு வலி கூடியது. நடுமுதுகில் ஒரு எலும்பு மட்டும் துருத்திக்கொண்டு தெரிய ஆரம்பித்ததும், திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

முதுகெலும்பில் காசம் என்றார் டாக்டர்.

"காசம்னா இருமல்ல வரணும்?" என்று பிரகதம் அவரையே கேட்டாள். "எனக்கு இருமலே வந்ததில்லீங்களே."

எலும்புக்கும் வரும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். ஊசி இருக்கிறது, முன்னைப்போல் பயப்பட வேண்டாம் என்றார். மாவுக்கட்டுப் போட்டார். சில வாரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார். அப்புறம் வார்டில் இடமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார். மாவுக்கட்டை மாற்றவும், முதுகில் சேர்கிற சீழை ஊசி வைத்து எடுக்கவும் அடிக்கடி வர வேண்டும் என்றார்.

"ஒண்ணு மட்டும் மறந்துராதீங்க. அசையாம இருக்கணும். அந்த எலும்பு அரிச்சுப் போயிருக்கு. பக்கத்துலதான் காலுக்குப் போற நரம்பு இருக்கு."

அசையாமல் இருக்க வேண்டியவளைக் கீரனூரிலிருந்து திருச்சிக்கு எப்படிக் கொண்டுவருவது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ரயிலில் ஒரு தடவை முயன்று பார்த்தோம். பெட்டியின் படியில் ஏற்றுவதற்கு அவளைப் பலகையோடு சாய்த்துத் தூக்க வேண்டியிருந்தது. ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக ஜட்கா. அந்த ஜட்கா ஓடிய ஓட்டத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. பஸ்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். மிஞ்சியது எங்கள் கார்தான்.

அப்போது திருச்சிச் சாலையில் தார் நடுவில் மட்டும் ஒற்றையாக ஓடும். எதிரே பஸ் வந்தால் இடப்பக்கச் சக்கரம் இரண்டையும் செம்மண்ணில் இறக்கித்தான் வழிவிட வேண்டும். இறங்கும்போது கார் ஒரு பக்கம் கவிழ்வதுபோல் சாயும். ஏறும்போது மறுபக்கம். போதாததற்குக் கண்மாய்க்கரை வளைவுகள். மெதுவாகத்தான் ஓட்டினேன். எவ்வளவு மெதுவாகப் போனாலும் அது சாய்ந்தது.

கண்மாய்க்கரையில் நிறுத்தச் சொன்ன அன்று வீட்டுக்குத் திரும்பியதும், நேரே சவரிமுத்துவின் கொட்டகைக்குப் போனேன்.

கூடுதல் பட்டை

சவரிமுத்து ஆவூர்க்காரர். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் லாரி ரிப்பேர் பார்த்தவர். கீரனூரில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருந்தார். எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லமாட்டார். அதனால் எனக்கு நன்மையும் நடந்திருக்கிறது, கெடுதலும் நடந்திருக்கிறது.

காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, என்னையும் கூப்பிட்டார்.

"இங்கிட்டு வந்து பாருங்க மொதலாளி. ஸ்பிரிங்கு செத்துப் போச்சு. வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கணும். இது பலகை மாதிரிக் கெடக்கு. மூட்டை கீட்டை ஏத்திருப்பானுங்க."

"என்ன செய்யலாம்ண்ணே?"

"ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குப் பட்டை கூடப் போட்டுருவோம். லாரி மாதிரி நிக்கும். அப்பறம் அது எங்க சாயுறது?"

அப்படியே செய்தோம். கார் ஒரு சாண் உயர்ந்தது போல் நிமிர்ந்து நின்றது. தனியாக ஓட்டிப் பார்த்தேன். வளைவில் கொஞ்சம்தான் சாய்ந்தது. ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த என் கைக்கே அது தெரிந்தது. மனசு நிறைந்து போயிற்று. மறுவாரம் பிரகதத்தை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

மாத்தூர் வருவதற்குள் அவள் முகம் வெளிறிவிட்டது.

"சாயல" என்றாள். "நெசமாவே சாயல. ஆனா ரோட்டுல கெடக்குற ஒவ்வொரு கல்லும் வந்து முதுகுல இடிக்கிது."

பின்னாலிருந்து ஆத்தா மகளிடம் சொன்னார். "மாப்பிள்ளைகிட்ட சொல்லு, இன்னும் கொஞ்சம் பைய போகட்டும்."

அந்தக் காலத்தில் அவர்கள் குடும்பத்தில் மாமியார் மாப்பிள்ளையோடு நேராகப் பேசுவதில்லை. கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தாலும் பேச்சு பிரகதம் வழியாகத்தான் வரும். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போதும் அவள் அதை ஒழுங்காக என்னிடம் சொல்வாள். "ஆத்தா பைய போகச் சொல்லுது."

அதற்குமேல் மெதுவாகப் போனால் வண்டி நின்றுவிடும். வழியில் ஓரிடத்தில் வாந்தி எடுத்தாள். படுத்தபடியே எடுத்ததால் அவளைத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பியதில் இன்னும் வலி.

டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். "எதுல கொண்டாந்தீங்க? மாட்டு வண்டியிலயா?" என்று என்னைக் கேட்டார். "போன தடவைக்கு இந்தத் தடவை கால்ல பலம் குறைஞ்சிருக்கு."

மாட்டு வண்டியே தேவலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வலி

பிரகதம் புத்திசாலி. எட்டாவது வரை படித்தவள். என் தவிப்பைப் பார்த்து, ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவளே அந்தப் பேச்சை எடுத்தாள். நான் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"சாயறது ஒரு வலி, குதிக்கிறது ஒரு வலி. ரெண்டும் ஒண்ணு இல்லீங்க. குதிச்சா சம்மட்டியால அடிக்கிற மாதிரி இருக்கு. சாஞ்சா ஈரத்துணியப் பிழியிற மாதிரி எலும்ப யாரோ முறுக்குறாங்க."

"எது தாங்கும்?"

"ரெண்டும் தாங்காது. நீங்க கேக்குறதால சொல்றேன்."

சவரிமுத்துவிடம் போய் இதை அப்படியே சொன்னேன். அவர் வெகுநேரம் பீடியைப் பிடித்துக்கொண்டு காரையே பார்த்தார். சேர்த்த பட்டைகளைக் கழற்றினோம். பழைய பட்டைகளைத் திருச்சிக்கு அனுப்பி வளைவு எடுத்து வாங்கினோம். நைந்து போன ரப்பர்களை மாற்றினோம். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் என்று ஒரு சொட்டு இல்லை. கெட்டி எண்ணெய் ஊற்றினோம். டயரில் காற்றைக் கூட்டிப் பார்த்தோம், குறைத்துப் பார்த்தோம்.

இதில் கொஞ்சம் பலன் கிடைத்தது. முன்பு ஒரு வளைவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பலதடவை ஆடும். இப்போது ஒரேயடியாகச் சாய்ந்து ஒரேயடியாக நிமிர்ந்தது. கால் ஒரு தடவைதான் இழுத்தது. அதையே பெரிய லாபமாக நினைத்து நாங்கள் இருவரும் சந்தோஷப்பட்டோம்.

ஆனால் சாய்வது நிற்கவில்லை. இறுக்கினால் குதித்தது. தளர்த்தினால் சாய்ந்தது. நடுவில் ஒரு இடம் இருக்கும் என்று நான் நம்பினேன். வாரா வாரம் காரைப் பிரித்தோம், மாட்டினோம். அந்த இடம் கிடைக்கவில்லை.

மில் கிட்டத்தட்ட ஆட்கள் கையில் ஓடிக்கொண்டிருந்தது. பெண்டாட்டிக்கு வைத்தியம் பார்க்காமல் காருக்குப் பார்க்கிறான் என்று ஊரில் பேசினார்கள். உறவில் ஒருவர் மில்லுக்கே வந்து உட்கார்ந்து, பிரகதத்தை அவள் ஆத்தா வீட்டில் விட்டுவிட்டு வேறு ஏற்பாடு பார்த்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு வயது இருக்கிறதாம். காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகு இன்ஜின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அந்தச் சத்தத்தில் அழுதால் யாருக்கும் கேட்காது.

குறுக்குக் கம்பி

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கட்டுப் பிரிக்கும்போது என்னை உள்ளே விடமாட்டார்கள். வெளியே நடந்துகொண்டிருப்பேன். அப்படி ஒருநாள் நடந்து போகும்போது, ஒரு பட்டறையில் பெரிய அமெரிக்கன் கார் ஒன்றைக் கட்டை கொடுத்துத் தூக்கி வைத்திருந்தார்கள். அதன் முன்பக்கத்தில், இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரத்துக்குக் குறுக்காக, கட்டைவிரல் தடிமனில் ஒரு கம்பி ஓடியது. எங்கள் காரில் அப்படி ஒன்று இல்லை.

"அது எதுக்குங்க?"

பட்டறைக்காரர் வேலை மும்முரத்தில் இருந்தார். "திரும்புறப்ப சாயாம இருக்க" என்றார் தலையைத் தூக்காமல்.

 அவர் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன். விடமாட்டேன் என்று தெரிந்ததும் அவர் விளக்கினார். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் அந்தக் கம்பி சும்மா இருக்கும். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தால் முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் மறுபடி நேராகத்தானே பார்க்கும். அந்த வேகத்தில் தாழ்ந்த பக்கத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங்கை இறுக்க வேண்டியதே இல்லை.

நான் மாதக் கணக்கில் தேடிய இடம் அதுதான்.

பழைய இரும்புக் கடையில் அதுபோல் ஒரு கம்பியைத் தேடிப் பிடித்தேன். எங்கள் வண்டிக்கு அது அகலம். கொல்லுப்பட்டறையில் காய்ச்சி வளைத்துவிடலாம் என்றார் சவரிமுத்து. வளைத்து மாட்டினோம். சோதனைக்குப் போன முதல் வளைவிலேயே கம்பி முறுக்கிக்கொண்டது. முறுக்கியபடியே நின்றுவிட்டது. பழையபடி நேராகவில்லை.

"காய்ச்சுனதுல உயிர் போயிருச்சு மொதலாளி. என் தப்புதான்." அவர் முகம் தொங்கிப் போயிற்று.

இன்னொரு கம்பி கிடைக்க நாளாயிற்று. இந்தத் தடவை கம்பியில் கை வைக்கவில்லை. அதற்கு ஏற்றபடி தாங்கிகளை அடித்துப் பொருத்தினோம். இதற்கு நடுவில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. செம்மண் ஓரமெல்லாம் சேறு. கார் தயாராகட்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போவதும் தள்ளிப் போயிற்று. ஊசியைக் கீரனூரிலேயே கம்பவுண்டர் வந்து போட்டார்.

அந்த நாட்களில் ஒருநாள் பிரகதம் சொன்னாள். "இப்பல்லாம் காலு வெட்டி இழுக்கிறது கொறைஞ்சிருக்குங்க. நேத்துப் பூராம் இழுக்கவே இல்ல."

மருந்து பிடித்துவிட்டது என்று நினைத்தோம். ஆத்தா நார்த்தாமலை மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்தார்.

மழை ஓய்ந்ததும், பலகையில் கடலை மூட்டையை ஏற்றிச் சோதனை பார்க்கலாம் என்றேன். மூட்டைக்கு என்ன தெரியும் என்று சொல்லிச் சவரிமுத்து தானே ஏறிப் படுத்துக்கொண்டார். கண்மாய்க்கரை வளைவைச் சுற்றிச் சுற்றி வந்தோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கார் தரையோடு தரையாகப் போயிற்று.

"பட்டாளத்துல அடிபட்டு ஆம்புலன்ஸ்ல போயிருக்கேன். இது அதவிட நல்லாருக்கு" என்றார் அவர், மல்லாந்து படுத்தபடி. "தங்கச்சியக் கூட்டிட்டுப் போங்க மொதலாளி."

ஒரு மணி நேரம்

என் வாழ்க்கையில் சந்தோஷமான நேரம் எது என்று யாராவது கேட்டால், கீரனூரிலிருந்து திருச்சிக்குப் போன அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்வேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். பிறகு தெரிந்ததை வைத்து அதை அழிக்க முயன்று பார்த்தேன், முடியவில்லை.

மழைக்குப் பிறகான வெயில். கண்மாய்களில் தண்ணீர் ஏறியிருந்தது. நடவு நடந்துகொண்டிருந்த வயல்களிலிருந்து சேற்று வாசம் வந்தது. எதிரே பஸ் வந்தது. ஓரத்தில் இறங்கினேன். கார் சாயவில்லை. இறங்கிய இடம் தெரியாமல் ஏறியது. நான் ஓரக்கண்ணால் அவள் பாதத்தைப் பார்த்தேன். விரல்கள் அப்படியே இருந்தன.

கண்மாய்க்கரை வளைவு வந்தது. அதிலும் விரல்கள் மடங்கவில்லை.

"வலிக்குதா?"

"இல்லீங்க. ஒண்ணுமே தெரியல."

சிரித்துவிட்டேன். வாய்விட்டுச் சிரித்தேன். ஆத்தாவும் சிரித்தது கண்ணாடியில் தெரிந்தது. மாத்தூர் தாண்டியதும் பிரகதம் தூங்கிப் போனாள். நோய் வந்த பிறகு அந்தக் காரில் அவள் தூங்கியது அன்றுதான். அவள் எழுந்துவிடக் கூடாது என்று திருச்சிக்குள் நுழைந்த பிறகும் நான் ஹாரன் அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் வந்து பலகையோடு தூக்கினார்கள். நான் முன்கதவைத் திறந்து கால்பக்கம் பிடித்திருந்தேன். அவள் விழித்துக்கொண்டாள். முகம் தெளிவாக இருந்தது.

"சவரிமுத்து அண்ணனுக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடுங்க. நல்ல வேட்டியா எடுங்க. இந்த மாதிரி ஒரு வண்டி…"

"மாப்ளே" என்றார் ஆத்தா.

எனக்கு முதலில் யார் கூப்பிட்டது என்றே தெரியவில்லை. அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே கிடையாது.

"மாப்ளே, காலப் பாருங்க."

பார்த்தேன். பிரகதத்தின் வலது பாதம் கதவுப் பூட்டின் இரும்பு நாக்கில் மாட்டியிருந்தது. தூக்கிய வேகத்தில் கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்து, ரத்தம் என் கைமேல் வழிந்துகொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்து இன்னும் வேட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

வெளி வராந்தாவில்

டாக்டர் ஊசி முனையால் அவள் காலில் குத்திக் குத்திக் கேட்டார். அவள் ஒவ்வொரு தடவையும் யோசித்து, "தெரியலீங்களே" என்றாள். பள்ளிக்கூடத்தில் விடை தெரியாத பிள்ளை சொல்வதுபோல் சொன்னாள். குத்து மேலே மேலே வந்து, மாவுக்கட்டின் விளிம்புக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் முகத்தைச் சுளித்தாள்.

வராந்தாவுக்கு என்னை அழைத்துப் போனார்.

"இழுக்கிறது எப்ப நின்னுச்சு?"

சொன்னேன்.

"அது நின்னதும் குணமாகுதுன்னு நெனச்சுட்டீங்க."

"ஆமாங்க."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார். உண்மையாகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா, தெரியாது. மெட்ராஸில் ஆபரேஷன் செய்கிறார்கள், ஆனால் இவள் உடம்பு தாங்காது என்றார். கடைசியாக, "இனிமே இவ்வளவு தூரம் அலைய வேண்டாம். அங்கேயே வச்சுப் பாத்துக்கங்க" என்றார்.

பிரகதம் அடுத்த வருஷம் கடலை பிடுங்குகிற பருவம் வரை இருந்தாள். முதுகில் படுக்கைப்புண் வந்தது. அதுவும் அவளுக்கு வலிக்கவில்லை. ஆத்தா எங்களோடேயே இருந்து பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து என்னோடு நேராகவே பேசினார். பேசுவதற்குத்தான் பெரிதாக ஒன்றும் இல்லை.

அந்தக் கம்பி உண்மையிலேயே வேலை செய்ததா என்று எனக்குத் தெரியாது. சவரிமுத்து செய்தது என்றுதான் சாகிறவரை சொன்னார். அவர் படுத்துப் பார்த்தவர். அவர் முதுகில் உணர்ச்சி இருந்தது. பிரகதத்துக்கு வலி நின்றது கம்பியாலா, நரம்பு செத்ததாலா, இல்லை இரண்டாலும் பாதிப் பாதியா? இதை நினைத்து நான் வருஷக்கணக்கில் தூக்கம் கெட்டிருக்கிறேன். பதில் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இருந்தும் மனசு கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

திரும்பி வந்தது

அன்று திரும்பி வந்ததை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

டாக்டர் சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தார்கள். திருச்சி எல்லை தாண்டியதும், சாலையைச் செப்பனிட ஓரிடத்தில் தார்மேல் ஜல்லியைப் பரப்பியிருந்தார்கள். இன்னும் உருளை ஓட்டவில்லை. கூர்கூராகக் கல். போகும்போது அந்த இடத்தில் நான் மண்ணில் இறங்கி, ஓரமாகச் சுற்றிக்கொண்டு போயிருந்தேன். இப்போதும் அந்த வழி இருந்தது.

நான் இறங்கவில்லை. ஜல்லியின் மேலேயே விட்டேன்.

வேகத்தையும் குறைக்கவில்லை. கல் தெறித்து வண்டிக்கு அடியிலிருந்த தகட்டில் படபடவென்று அடித்தது. ஸ்டீரிங் என் கையில் நிற்காமல் துள்ளியது. ஆத்தா மகளின் தோளை அள்ளிப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ மாதமாக அவளுக்கு வலிக்கக் கூடாது என்று ஓடிய நான், வலிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு ஓட்டினேன். ஒரு தடவை கத்தட்டும். நிறுத்துங்க, இறங்கி நடந்து வாரேன் என்று சொல்லட்டும். ஒரே ஒரு விரல் மடங்கட்டும்.

பாதங்கள் வண்டியோடு சேர்ந்து ஆடின. துணி சுற்றிய விரலும் மற்ற விரல்களும், பலகையில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்கள் மாதிரி அதிர்ந்தன. எதுவும் மடங்கவில்லை.

"ஏங்க" என்றாள் பின்னாலிருந்து. நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

"கல்லு ரோடா? சத்தம் கேக்குது. எனக்கு வலிக்கவே இல்ல, நீங்க தாராளமாப் போங்க."

ஜல்லி முடிகிற வரைக்கும் போனேன்.